நாலு சாடி, இரண்டு தும்புச்சோறு: மஞ்சளித்த கஞ்சாச் செடிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, இலை பழுக்குது. போடுற பசளை காணாது போல. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?" பின்னாலேயே மூன்று படங்களும் வந்து சேர்ந்தன. வளர்ப்பு விளக்கின் கீழே எடுத்த படங்கள். அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இளம்பச்சை எது, மஞ்சள் எது என்று பிரிக்க முடியாது. விளக்கை நிறுத்திவிட்டு, கைவிளக்கைப் பிடித்து இன்னும் இரண்டு படம் அனுப்பச் சொன்னேன். அவை வந்ததும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நான் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து லெமிங்ரனில் குடைமிளகாய் வளர்க்கும் கண்ணாடிக்கூடம் ஒன்றில் ஒன்பது வருடம் வேலை செய்தவன். தும்புச்சோற்றுப் பைகளில் செடி நட்டு, குழாய்வழியே பசளை நீர் விடுகிற வேலை. தமிழ்நாட்டில் தென்னை நார்க்கழிவு என்பார்கள், கடையில் கொக்கோபீற் என்று எழுதியிருக்கும், இலங்கையில் எங்களுக்குத் தும்புச்சோறு. எல்லாம் ஒன்றுதான். கஞ்சா எனக்குப் பழக்கமான பயிர் அல்ல. ஆனால் தும்புச்சோற்றில் நிற்கிற செடிக்கு என்ன நடக்கும் என்பது ஓரளவு தெரியும். அந்தத் தெரிந்த விசயத்தையே முதல் தடவை கேட்கத் தவறினேன். அதனால் ஒரு கிழமை வீணாகியது. இந்த ஆய்வை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் பற்றி முதலே சொல்லிவிடுகிறேன். கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர், சட்டப்படி விற்கப்படும் விதையையோ கன்றையோ வாங்கி, ஒரு வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கலாம். ஆளுக்கு நாலு அல்ல, வீட்டுக்கு நாலு. கியூபெக்கில் வீட்டில் வளர்க்கத் தடை உண்டு. அந்தத் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டில் கஞ்சா வளர்ப்பது குற்றம். இங்கே சொல்லும் கஞ்சா விசயம் அனுமதி உள்ள இடத்துக்கு மட்டுமே உரியது. தும்புச்சோறு பற்றிச் சொல்வது சென்னையில் மொட்டை மாடியில் கத்தரி வைப்பவருக்கும் பொருந்தும்.

முதல் நாள் கண்டவை

அண்ணையின் பேஸ்மென்றில் நாலடிக்கு நாலடிக் கூடாரம், மேலே ஒரு வெள்ளை எல்இடி விளக்கு, கீழே 11 லீற்றர் துணிச்சாடிகள் நாலு. எல்லாம் ஒரே பைக்கற்றில் வந்த விதை. முளைத்து அன்றைக்கு 31ஆம் நாள். விளக்கு 18 மணித்தியாலம் எரியும், 6 மணித்தியாலம் நிற்கும். இடப்பக்கச் சாடிகளை 1, 2 என்றும் வலப்பக்கச் சாடிகளை 3, 4 என்றும் வைத்துக்கொள்வோம்.

என்னுடைய அப்பா யாழ்ப்பாணத்தில் மிளகாயும் புகையிலையும் செய்தவர். ஆராவது இலை மஞ்சள் என்று வந்து சொன்னால் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அடி இலையோ, குருத்தோ?" பயிர்ச்சத்துப் பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். நைதரசன், பொற்றாசியம், மக்னீசியம் மூன்றும் செடிக்குள் நடமாடக் கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி அவற்றைக் கிழட்டு இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பும், ஆகவே அடி இலை முதலில் காட்டும். கல்சியமும் இரும்பும் போய் இருந்த இடத்தைவிட்டு அசையாதவை. அவை வராவிட்டால் குருத்தும் அதற்குக் கீழே உள்ள இளம் இலைகளும்தான் பாதிக்கப்படும்.

1ஆம், 2ஆம் சாடிகளில் அடியிலிருந்து இரண்டாம், மூன்றாம் கணு இலைகள் நரம்பு பச்சையாகவும் நரம்புக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருந்தன. மீன்முள்ளைப் பச்சை நிறத்தில் வரைந்து வைத்த மாதிரி. எல்லா இலைகளின் நுனியும் தீய்ந்து பழுப்பாகி இருந்தது. மேலே போகப் போக, நடு உயரத்து இலைகளில் சில இடத்தில் குண்டூசித் தலையளவு துருநிறப் புள்ளிகள். உயரம் 33 சென்ரிமீற்றரும் 30 சென்ரிமீற்றரும்.

3ஆம், 4ஆம் சாடிகளில் 46, 48 சென்ரிமீற்றர். அடி இலைகள் நல்ல கரும்பச்சை. நுனி மட்டும் மெல்லத் தீய்ந்திருந்தது. குருத்து கொஞ்சம் வெளிறியது போலத் தெரிந்தது. அதை நான் குறித்து வைத்தேன், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை.

இலையைத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். செஞ்சிலந்தியோ அதன் முட்டையோ இல்லை. இலைப்பேன் சுரண்டினால் வரும் வெள்ளிக் கீறலும் இல்லை. துணிச்சாடியின் அடியால் எட்டிப் பார்த்த வேர் வெள்ளையாக இருந்தது, அழுகல் மணம் இல்லை. தண்ணீர் கூடினால் இலை காம்போடு சேர்த்துத் தடித்துத் தொங்கும், அதுவும் இல்லை.

அண்ணை ஒரு கொப்பியில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை. 22ஆம் நாள் முதல் மஞ்சள். 24ஆம் நாள், பசளை காணாது என்று நினைத்து, கரைசலின் ஈசியை 1.2 இலிருந்து 1.8 ஆக்கினார். 28ஆம் நாள் 2.2 ஆக்கி, கூடவே பூக்கும் காலத்துக்கு என்று விற்கப்படும் பொசுபரசு, பொற்றாசியக் கலவையையும் சேர்த்தார். பிஎச், அதாவது நீரின் அமில, கார அளவு, தினமும் 5.9.

ஈசி என்பது கரைசலின் மின்கடத்துதிறன். எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. இந்த இரண்டாவது பாதியை எல்லாரும் மறந்துபோகிறோம்.

நான் பிழைவிட்ட இடம்

நரம்பு பச்சை, இடை மஞ்சள், அடி இலை. மக்னீசியம் என்று சொன்னேன். அது சரிதான். இடப்பக்கம் மட்டும் ஏன் என்று அண்ணை கேட்டார். இடப்பக்கச் சுவரில் வெப்பக்காற்று வரும் துவாரம் இருந்தது. கூடாரத்தின் அந்த மூலையில் 28 பாகை, மற்ற மூலையில் 26. மாசிக் குளிருக்கு வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டு காய்ந்துவிடும், அந்தப் பக்கத்துச் செடி கூடத் தண்ணீர் இழுக்கும், உப்பு நுனியில் தங்கும் என்று விளக்கினேன். கேட்பதற்கு நல்ல விளக்கம். துவாரத்தை மட்டையால் மறைத்து, ஒரு லீற்றர் நீருக்கு 5 கிராம் எப்சம் உப்புக் (மக்னீசியம் சல்பேற்று) கரைத்து இலையில் தெளிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

37ஆம் நாள் திரும்பப் போனேன். அடி இலையின் மஞ்சள் பரவாமல் நின்றிருந்தது. ஆனால் துருப் புள்ளிகள் இரண்டு கணு மேலே ஏறி, சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகி இருந்தன. 2ஆம் சாடியில் புது இலையின் ஓரம் கோணி, ஒரு பக்கம் சுருங்கி வந்தது. கல்சியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அண்ணையின் பசளைப் போத்தலில் கல்சியம் இருக்கிறது. ரொறன்ரோவின் குழாய் நீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது, அதிலும் கல்சியம் உண்டு. ஊற்றுகிறது எல்லாம் எங்கே போகிறது?

அண்ணை என்னைப் பார்த்தபடி நின்றார். "ஒரே பசளை, ஒரே தண்ணி, ஒரே விதை. என்ன தம்பி வித்தியாசம்?"

அப்போதுதான் கேட்டேன். "அண்ணை, நாலு சாடிக்கும் ஒரே தும்புச்சோறோ?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு மேலே கூப்பிட்டு மனைவியிடம் கேட்டார். அக்கா படியில் நின்றபடியே சொன்னா: "பையிலை வந்தது ரெண்டு சாடிக்குத்தானே காணும். மிச்சத்துக்கு நீங்கள் அந்தக் கட்டியை ஊறப் போட்டனீங்கள்."

3ஆம், 4ஆம் சாடிகள் போன வருடம் மிஞ்சிய பையிலிருந்து. 1ஆம், 2ஆம் சாடிகள் மலிவு விலையில் வாங்கிய 5 கிலோக் கட்டியிலிருந்து. கட்டியில் பாதி இன்னும் வாளியில் கிடந்தது. பையின் மேலே "பஃபர்ட்" என்றும், கட்டியின் உறையில் "வொஷ்ட்" (கழுவியது) என்றும் அச்சிட்டிருந்தது. இரண்டும் ஒன்றென்றுதான் அண்ணை நினைத்திருந்தார். சுவரில் இருந்த துவாரத்துக்குப் பக்கத்தில் அந்த இரண்டு சாடியும் நின்றது தற்செயல். அந்தத் தற்செயலை நான் காரணமாக்கிவிட்டேன்.

கழுவியதும், கல்சியம் ஏற்றியதும்

தேங்காய் மட்டையில் இயற்கையாகவே பொற்றாசியமும் சோடியமும் குளோரைட்டும் உண்டு. கரையோரத்தில் உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் உப்பு இன்னும் கூட இருக்கும். பொள்ளாச்சியிலிருந்தும் குருநாகல் பக்கத்திலிருந்தும் உலகம் முழுவதும் போகிற தும்புச்சோறு, ஏற்றுமதிக்கு முன் நல்ல தண்ணீரால் கழுவப்படும். அப்படிக் கழுவும்போது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் உப்புப் போய்விடும், ஈசியும் இறங்கும்.

ஆனால் தும்புச்சோற்றுத் துகளின் மேற்பரப்பு முழுக்க எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்கள் உண்டு. பொற்றாசியமும் சோடியமும் அங்கே பிடித்துக்கொண்டு நிற்கும். வெறும் தண்ணீரை எத்தனை தரம் ஊற்றினாலும் அவை இறங்கா, ஏனென்றால் அவற்றின் இடத்துக்கு வர வேறொன்று வேண்டும். கல்சியமும் மக்னீசியமும் இரட்டை நேர்மின்னேற்றம் உள்ளவை. பசளை நீரோடு அவை வந்ததும் துகள் அவற்றைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு, பழைய பொற்றாசியத்தையும் சோடியத்தையும் கழற்றி நீருக்குள் விடுகிறது. செடிக்கு என்று ஊற்றிய கல்சியத்தைத் தும்புச்சோறு முதலில் குடிக்கிறது. செடிக்குக் கிடைப்பது கேட்காத பொற்றாசியம். அந்தப் பொற்றாசியம் வேரின் வாசலில் கூட்டமாக நின்று, தப்பி வருகிற மக்னீசியத்தையும் கல்சியத்தையும் உள்ளே விடாமல் மறிக்கிறது.

இதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் கழுவியதோடு நிறுத்தாமல், கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்து, அந்த இடமாற்றத்தை முன்கூட்டியே முடித்து, திரும்பக் கழுவி அனுப்புகிறார்கள். பையில் இருந்த "பஃபர்ட்" அதுதான்.

இப்போது அண்ணையின் கொப்பியைத் திரும்பப் பாருங்கள். 24ஆம் நாள் ஈசியைக் கூட்டியபோது கல்சியம் கொஞ்சம் கூடியிருக்கும், பொற்றாசியமும் சேர்ந்து கூடியிருக்கும். 28ஆம் நாள் சேர்த்த கலவை பொசுபரசும் பொற்றாசியமும் மட்டும். ஏற்கெனவே பொற்றாசியம் முட்டிக்கொண்டிருந்த சாடிக்குள் இன்னும் பொற்றாசியம் போனது. இந்தப் பூக்கலவைகள் பற்றி எனக்கு முதலிருந்தே நல்ல அபிப்பிராயம் இல்லை. கஞ்சாவுக்குப் பொசுபரசைக் கூட்டிப் பார்த்த யூட்டா அரச பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2022 இல் வெளிவந்தது. விளைச்சலும் தரமும் கூடவில்லை, வடிந்துபோகும் நீரில்தான் பொசுபரசு கூடியது. 28 நாள் வயதான, பூவே தொடங்காத செடிக்கு அது எதற்கு?

துளி எண்ணிய கணக்கு

ஊகத்தை வைத்து ஒருமுறை பிழைவிட்டாயிற்று. ஆகவே இந்தத் தரம் அளந்து பார்க்க விரும்பினேன். ஆய்வுகூடத்துக்கு அனுப்பக் காசும் நாளும் வேண்டும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் நீரின் கடினத்தன்மை பார்க்கப் பாவிக்கும் துளிச் சோதனை சின்னப் பெட்டியில் விற்கிறது. அது அளப்பது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கூட்டுத்தொகையைத்தான். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். சோதனைக் குழாயில் 5 மில்லிலீற்றர் நீர் எடுத்து, நிறம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும்வரை துளித்துளியாக விட வேண்டும். ஒரு துளி, லீற்றருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமன்.

அண்ணையின் குழாய் நீர் 7 துளி. அதில் லீற்றருக்கு அரைக் கிராம் கல்சியம் நைத்திரேற்றுக் கரைத்தோம், 20 துளி ஆனது. வாளியில் கிடந்த கட்டித் தும்புச்சோறு அரை லீற்றர், பையில் அடியில் மிஞ்சியிருந்தது அரை லீற்றர், இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் போட்டு, ஒவ்வொன்றிலும் அந்தக் கரைசல் அரை லீற்றர் ஊற்றி, மூடி இரவு வைத்தோம். காலையில் பிழிந்து, வடிகட்டி, எண்ணினோம். வடிந்த நீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தபடியால் நிறமாற்றம் தெரியவில்லை. காய்ச்சி வடித்த நீரைச் சமபங்கு கலந்து எண்ணி, இரண்டால் பெருக்கினோம்.

பைத் தும்புச்சோறு: 18 துளி. கட்டித் தும்புச்சோறு: 6 துளி.

ஊற்றிய 20 இல் 14 ஐக் கட்டி விழுங்கிவிட்டது. ஈசி மானியை வைத்துப் பார்த்தால் கட்டியிலிருந்து வடிந்த நீரில் ஈசி குறையவில்லை, கூடியிருந்தது. கல்சியம் உள்ளே போக, அதற்குப் பதிலாகப் பொற்றாசியமும் சோடியமும் வெளியே வந்திருக்கின்றன. சாடிகளிலும் அதே கதை. ஊற்றியது 2.2. 3ஆம், 4ஆம் சாடியின் அடியால் வடிந்தது 2.5 அளவில். 1ஆம், 2ஆம் சாடியில் 3.4. அந்த 3.4 ஐப் பார்த்துத்தான் அண்ணை, "உள்ளுக்கை சாப்பாடு நிறையக் கிடக்கு, பிறகேன் பழுக்குது?" என்று குழம்பியிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது

வலப்பக்கக் குருத்தின் வெளிறல் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. 37ஆம் நாள் அது தெளிவாகவே தெரிந்தது: நாலு செடியிலும் குருத்திலையின் அடிப்பகுதி மஞ்சள், மெல்லிய நரம்புகள் பச்சை. அடி இலையில் அல்ல, குருத்தில். அது இரும்பு. இரண்டு சாடியில் மட்டும் இருக்கும் குறைக்குத் தும்புச்சோறு காரணம். நாலிலும் இருப்பதற்கு நாலுக்கும் பொதுவான ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பொதுவானது தண்ணீரும் பிஎச்சும். "பிஎச் மானியைக் கொண்டாங்கோ அண்ணை" என்றேன். பெட்டிக்குள் மூடியோடு, உலர்ந்தபடி இருந்தது. அதன் கண்ணாடி முனை எப்போதும் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் நனைந்திருக்க வேண்டியது. வாங்கிய நாளிலிருந்து அளவு திருத்தவில்லை. 7.0 என்று குறித்த திருத்தக் கரைசலில் விட்டால் 6.2 காட்டியது. அப்படியென்றால் தினமும் கொப்பியில் எழுதிய 5.9, உண்மையில் 6.7 அளவில் இருந்திருக்கிறது.

தும்புச்சோற்றுக்கு 5.8 இலிருந்து 6.2 வரை நல்லது. 6.7 செடியைக் கொல்லாது, ஆனால் அந்த அளவில் இரும்பு வேருக்குக் கைப்படாமல் போகும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது புதிதல்ல. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கிணற்று நீரைக் காய்ச்சினால் கேத்தலில் வெள்ளைப் படை. அந்த நீரை விட்டு வளர்த்த எலுமிச்சைக் கன்றில் குருத்து வெளிறுவதை நான் சின்ன வயதிலேயே கண்டிருக்கிறேன். மண்ணில் இரும்பு இருந்தது. செடிக்குத்தான் அது கிடைக்கவில்லை.

பிஎச்சை இறக்க அண்ணை பாவித்தது வினாகிரி. அதுவும் ஒரு தொல்லை. வினாகிரியின் அமிலத்தை நுண்ணுயிர்கள் சாப்பிட்டு முடித்துவிடும். காலையில் இறக்கிய பிஎச் ஓரிரு நாளில் பழையபடி ஏறிவிடும். பொசுபோரிக் அமிலக் கரைசல் ஒரு சின்னப் போத்தல் வாங்கினோம்.

இலை நோய்ப் படங்கள் வரிசையாகப் போட்ட அட்டைகளை எல்லாரும் வைத்திருக்கிறார்கள், அண்ணையின் கூடாரத்திலும் ஒன்று ஒட்டியிருந்தது. வட கரோலினா அரச பல்கலைக்கழகத்தில் 2019 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் கஞ்சாச் செடிகளை மணலில் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு சத்தை மட்டும் நீக்கி, மற்ற எல்லாவற்றையும் முழுதாகக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அருமையான வேலை, நானும் அந்தப் படங்களைப் பார்த்துப் படித்தவன். ஆனால் அங்கே ஒவ்வொரு செடியிலும் ஒரேயொரு குறைதான். அண்ணையின் 1ஆம் சாடியில் மக்னீசியம், கல்சியம், இரும்பு என்று மூன்று குறையும், அதற்கு மேல் உப்புக் கூடி நுனி தீய்ந்ததும் ஒரே இலைக்கூட்டத்தில் கிடந்தன. பசளைப் போத்தலில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் குறைவில்லை.

செய்தது

தும்புச்சோற்றை மாற்றிச் செடியைத் திரும்ப நடலாமா என்று அண்ணை கேட்டார். வேண்டாம் என்றேன். துணிச்சாடியில் வேர் சுவரைப் பிடித்துவிட்டது, உதறினால் பாதி வேர் போகும். தொழிற்சாலையில் செய்திருக்க வேண்டியதைச் சாடிக்குள்ளேயே செய்துவிடலாம்.

38ஆம் நாள், ஒரு லீற்றருக்குக் கல்சியம் நைத்திரேற்று 1 கிராம், எப்சம் உப்பு அரைக் கிராம், பிஎச் 5.8. இரண்டையும் கெட்டியான நிலையில் ஒன்றாகக் கலக்கக் கூடாது, ஜிப்சமாகத் திரண்டு அடியில் தங்கிவிடும். வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, ஒன்றை முழுதாகக் கரைத்த பிறகே மற்றதைப் போட வேண்டும். கரைசலின் ஈசி 1.9, கடினத்தன்மை 44 துளி. 1ஆம், 2ஆம் சாடிக்கு மட்டும், சாடிக்கு 12 லீற்றர், நாலு நாலு லீற்றராக அரை மணி இடைவெளியில் மெல்ல ஊற்றினோம். ஒரே மூச்சில் ஊற்றினால் ஓரத்தால் ஓடிவிடும், இடமாற்றத்துக்கு நேரம் கிடைக்காது.

முதல் நாள் வடிந்த நீர் 15 துளி. ஊற்றியது 44, வந்தது 15. அடுத்த நாள் இன்னும் 8 லீற்றர் ஊற்றினோம், 30 துளி. மூன்றாம் நாள் சும்மா ஒரு லீற்றர் ஊற்றிப் பார்த்ததில் 40. தும்புச்சோற்றின் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

3ஆம், 4ஆம் சாடிக்கு இந்தச் சடங்கு எதுவும் இல்லை. பூக்கலவையை நிறுத்தினோம். நாலுக்கும் ஒரே பசளை, ஈசி 1.4, அளவு திருத்திய மானியில் பிஎச் 5.9. ஒவ்வொரு தடவையும் ஊற்றியதில் ஐந்தில் ஒன்றாவது அடியால் வடிய வேண்டும், வடிந்ததை வாங்கி அளக்க வேண்டும். பசளையைக் குறைக்க அண்ணைக்கு மனமே வரவில்லை. "பட்டினி கிடக்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுறீர்" என்றார். நியாயமான கவலைதான். ஆனால் அந்தப் பிள்ளை பட்டினி கிடந்தது முன்னால் சாப்பாடு இல்லாமல் அல்ல.

பிறகு

குருத்தின் வெளிறல்தான் முதலில் போனது. 44ஆம் நாள் நாலு செடியிலும் புதிதாக விரிந்த இலை பச்சை. துருப் புள்ளி விழுந்த இலைகள் அப்படியே இருந்தன, அவை இனித் தேறா. செத்த திசு திரும்பப் பச்சையாகாது. அண்ணை தினமும் அந்தப் பழைய இலைகளையே பார்த்துக் கவலைப்பட்டார். கடைசியில் நல்ல நிலையில் இருந்த மேற்கணுவில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, இதற்கு மேலே வருவதை மட்டும் பாருங்கள் என்றேன். 48ஆம் நாள் நூலுக்கு மேலே மூன்று சோடி இலை, ஒரு புள்ளி இல்லை. மஞ்சளித்த அடி இலைகளில் கொஞ்சம் பச்சை திரும்பியது, முழுதாக அல்ல.

விளக்கை 12 மணித்தியாலமாகக் குறைத்துப் பூக்கவிடும் நாளை 40 என்று அண்ணை முதலில் குறித்திருந்தார். அதை 54க்குத் தள்ளினோம். அன்றைக்கு உயரம் 52, 44, 71, 74 சென்ரிமீற்றர். 1ஆம் சாடி ஓரளவு எட்டிப் பிடித்தது. 2ஆம் சாடி பிடிக்கவில்லை. குருத்துக் கோணிய அந்தக் கிழமையில் அதன் நடுத்தண்டு நின்றுவிட்டது, பக்கக் கிளைகள்தான் வளர்ந்தன. நான் முதல் நாளே தும்புச்சோறு பற்றிக் கேட்டிருந்தால் அந்தக் குருத்து தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். துருப் புள்ளியை அன்றைக்கே கண்டவன் நான்.

பூக்கும் காலத்தின் ஏழாம் கிழமை நாலு செடியிலும் அடி இலை மஞ்சளாகத் தொடங்கியது. இந்தத் தடவை அண்ணை பயந்தார், நான் பயப்படவில்லை. நரம்பு, இடை என்ற பேதமில்லாமல் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறி, கீழிருந்து மேலாக, நாலிலும் ஒரே வேகத்தில் வந்தது. முதிர்ந்த செடி அடி இலையின் நைதரசனைப் பூவுக்கு எடுக்கிறது. வடிநீரை மட்டும் அளந்து பார்த்தோம், 1.7. எதையும் மாற்றவில்லை.

அதற்கு முன்பே, ஏப்ரல் தொடக்கத்தில், மிச்சமிருந்த பாதிக் கட்டியை எறியட்டோ என்று அக்கா கேட்டிருக்கிறா. கோடைக்கு வளவில் வைக்க மிளகாய்க் கன்று போடும் காலம் அது. அண்ணை எறியவிடவில்லை. கட்டியை உதிர்த்து, கல்சியம் நைத்திரேற்றில் ஒரு இரவும் ஒரு பகலும் ஊறவைத்து, பிழிந்து, கழுவி, முந்தியைப் போல 20 துளிக் கரைசலை அரை லீற்றர் ஊற்றி மூடி வைத்திருக்கிறார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே தொலைபேசி வந்தது.

"தம்பி, பதினெட்டு."